கதையைக் குறைத்து எழுதியவர்: கேதரின் மான்ஸ்ஃபீல்டு



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது பாலம், கான்கிரீட், பீம் என்று ஏதாவது எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு கதாசிரியையைப் பற்றி எழுதுகிறேன். இன்ஜினியரிங் படித்தவனுக்கு இங்கிலீஷ் சிறுகதையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஒரு கட்டடத்தில் எது பாரம் தாங்குகிறது, எது சும்மா நிற்கிறது என்று கண்டுபிடிப்பது நம் தொழிலில் பாதி. சிறுகதையில் அந்த வேலையைச் செய்தவர் கேதரின் மான்ஸ்ஃபீல்டு. கதைக்கு இது இல்லாமல் முடியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த சமாச்சாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கதை விழவில்லை. முன்னைவிட நன்றாகவே நின்றது.

இருந்தது முப்பத்து நாலு வருஷம்தான். அதில் கடைசி ஐந்து வருஷம் டி.பி.யோடு.

வங்கிக்காரர் வீட்டுப் பெண்

1888 அக்டோபர் 14-ம் தேதி நியூசிலாந்தின் வெலிங்டன் நகரத்தில் பிறந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் காத்லீன் மான்ஸ்ஃபீல்டு போஷாம். அப்பா ஹெரால்டு போஷாம் கம்பெனி குமாஸ்தாவாக ஆரம்பித்து, பாங்க் ஆஃப் நியூசிலாந்தின் தலைவர் பதவி வரை போனவர். வசதியான குடும்பம். அக்கா, தங்கை என்று பெண்கள் வரிசையாகப் பிறந்த வீட்டில் 1894-ல் கடைசியாக ஒரு பையன் பிறந்தான். பெயர் லெஸ்லி. இந்தத் தம்பியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அவன் வருவான்.

1893-ல் குடும்பம் நகரத்தை விட்டு கரோரி என்ற பக்கத்து ஊருக்குக் குடிபோனது. வீடு மாறும்போது சின்னப் பிள்ளைக்கு என்னவெல்லாம் கண்ணில் படும்? காலியான ரூம், ஜன்னல் கண்ணாடி, வண்டியில் ஏறிய மேஜை நாற்காலி. இருபத்தைந்து வருஷம் கழித்து அவர் பெயரை நிலைநிறுத்திய கதை இந்தக் குடிமாற்றம்தான்.

1903-ல் பெண்களை லண்டன் குவீன்ஸ் காலேஜில் சேர்த்தார்கள். அங்கே செல்லோ வாசித்தார், காலேஜ் பத்திரிகையில் எழுதினார், ஐடா பேக்கர் என்ற தோழியைச் சம்பாதித்தார். 1906-ல் திரும்ப வெலிங்டன். லண்டனைப் பார்த்த பெண்ணுக்கு அந்த ஊர் போதவில்லை. வீட்டில் சண்டை போட்டு, வருஷத்துக்கு 100 பவுன் அப்பா தருவதாகப் பேசி முடித்து, 1908 ஜூலையில் கப்பல் ஏறினார். அப்போது வயசு பத்தொன்பது. அதற்கப்புறம் அவர் நியூசிலாந்து மண்ணை மிதிக்கவே இல்லை.

அடுத்த வருஷம் நடந்ததைக் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கார்னெட் ட்ரோவெல் என்ற வயலின்காரரைக் காதலித்தார். கர்ப்பமானார். காதல் முறிந்தது. 1909 மார்ச்சில் ஜார்ஜ் பௌடன் என்ற பாட்டு வாத்தியாரைத் திடீரென்று கல்யாணம் செய்துகொண்டு, அன்றைக்கே அவரை விட்டுப் போனார். விஷயம் எட்டி அம்மா கடல் தாண்டி வந்தார். மகளை ஜெர்மனியில் பவேரியாவில் ஒரு நீர்ச்சிகிச்சை ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். திரும்பியதும் மகள் பெயரை உயிலிலிருந்து நீக்கினார். குழந்தையும் தங்கவில்லை. தெரியாத ஊர், புரியாத பாஷை, சாப்பாட்டு மேஜையில் அந்நியர்கள். இருபது வயசு.

அந்த லாட்ஜ் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைத்தான் கிண்டலாக எழுதி லண்டன் 'நியூ ஏஜ்' பத்திரிகையில் வெளியிட்டார். 1911-ல் 'இன் எ ஜெர்மன் பென்ஷன்' என்று புத்தகமாக வந்தது. நல்ல பெயரும் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு கதை, தூக்கம் தாங்காத வேலைக்காரச் சிறுமியின் கதை, செகாவ் எழுதிய கதையை அச்சாக ஒத்திருந்தது. தழுவல் என்று எங்கேயும் போடவில்லை. இன்றைக்கும் இது அவர் மேல் இருக்கிற கறைதான், மறைப்பானேன்? பின்னாளில் பதிப்பாளர்கள் அந்தப் புத்தகத்தைத் திரும்பப் போடலாம் என்று வந்தபோது, பணத்தேவை இருந்தும் ஒத்துக்கொள்ளவில்லை. பக்குவமில்லாத எழுத்து என்று ஒதுக்கினார். செகாவிடம் மட்டும் கடைசி வரை மாணவியாகவே இருந்தார். அவருடைய கடிதங்களை இங்கிலீஷில் கொண்டுவரக் கோட்டெலியான்ஸ்கி என்ற நண்பரோடு சேர்ந்து உழைத்தார்.

தம்பி

அந்தக் காலத்துச் சிறுகதை எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லணும். முதலில் அறிமுகம்: இன்ன ஊரில் இன்னார் இருந்தார், அவர் இப்படிப்பட்டவர். அப்புறம் ஒரு சம்பவம், ஒரு சிக்கல், கடைசியில் ஒரு முடிச்சு அவிழும். அமெரிக்காவில் ஓ. ஹென்றி இதை மெஷின் மாதிரி செய்து கொடுத்தார். படித்து முடித்ததும் அட என்று தோணும். இரண்டாம் தடவை படிக்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.

மான்ஸ்ஃபீல்டும் ஆரம்பத்தில் இதைத்தான் சுற்றி வந்தார். 1912-ல் 'ரிதம்' என்ற சின்னப் பத்திரிகையில் நியூசிலாந்துக் காட்டுப்புறத்து மளிகைக் கடைக்காரியைப் பற்றி ஒரு கொலைக் கதை எழுதினார். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஜான் மிடில்டன் மரி. இரண்டு பேரும் சேர்ந்து வாழ ஆரம்பித்தார்கள். பௌடனிடமிருந்து விவாகரத்து கிடைத்து 1918 மே மாதம்தான் முறைப்படி கல்யாணம். சேர்வதும் பிரிவதுமாக அது ஒரு தனிக்கதை.

1915-ல் தம்பி லெஸ்லி ராணுவத்தில் சேர்ந்து இங்கிலாந்து வந்தான். பயிற்சிக்கு நடுவில் அக்கா வீட்டில் வந்து தங்கினான். இரண்டு பேரும் உட்கார்ந்து பழைய வீடு, பேரிக்காய் மரம், பாட்டி என்று பேசிப் பேசித் தீர்க்கவில்லை. அப்புறம் அவன் பெல்ஜியத்துக்குப் போனான். போன சில நாளில், சிப்பாய்களுக்குக் கையெறி குண்டு வீசக் கற்றுக்கொடுக்கும்போது குண்டு கையிலேயே வெடித்து இறந்தான். வயசு இருபத்தொன்று.

மான்ஸ்ஃபீல்டின் வாழ்க்கையை இதற்கு முன், இதற்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துவிடலாம். அந்தக் குளிர்காலத்தில் பிரான்சின் தெற்குக் கடற்கரையில் பாண்டோல் என்ற ஊருக்குப் போனார். எந்த ஊரை விட்டுச் சண்டை போட்டு ஓடிவந்தாரோ அதே ஊரைத் தம்பிக்காக எழுதணும் என்று முடிவு செய்தார். அது அவனுக்குப் பட்ட கடன் என்று டைரியில் குறித்துக்கொண்டார். 1916-ல் 'தி ஆலோ' என்ற நீளமான பிரதி வந்தது. ஆலோ என்பது நம் ஊர் வேலியோரத்தில் நிற்கிற ஆனைக்கற்றாழை ஜாதி. அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும் என்று கதையில் வருகிறது.

வெட்டின இடங்கள்

1917-ல் லண்டனில் லெனார்டு வுல்ஃபும் வர்ஜீனியா வுல்ஃபும் வீட்டிலேயே ஒரு சின்ன அச்சகம் போட்டார்கள். ஹோகார்த் பிரஸ். அதற்கு ஒரு கதை கேட்டார்கள். 'தி ஆலோ'வை எடுத்து உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார் மான்ஸ்ஃபீல்டு. வெட்டி மிஞ்சியது 'ப்ரெலூட்'. வர்ஜீனியா தன் கையாலேயே எழுத்துக் கோர்த்தார். 1918 ஜூலையில் சுமார் 300 பிரதி வந்தது. விற்பனை சுமார்தான்.

நல்லவேளை, முதல் பிரதியும் 1930-ல் தனியாக அச்சானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். பழைய வரைபடத்தையும் கட்டி முடித்த கட்டடத்தையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி. எதை எடுத்திருக்கிறார்? லிண்டா என்ற அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய கதையை எடுத்துவிட்டார். அவளுடைய சகோதரி மிஸஸ் ட்ரவுட் என்று ஒரு பாத்திரம் இருந்தது. ஆளையே தூக்கிவிட்டார். ஆசிரியர் குறுக்கே வந்து விளக்கம் சொல்கிற இடங்களைக் குறைத்தார். மிஞ்சியது பன்னிரண்டு துண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பாலம் போடவில்லை. நாமே தாண்டிக்கணும்.

கதை எப்படி ஆரம்பிக்கிறது பாருங்க. குதிரை வண்டியில் இரண்டு சின்னப் பெண்களுக்கு இடமில்லை. அவ்வளவுதான். யார் இவர்கள், எந்த ஊர், எந்த வருஷம், ஏன் வண்டி, ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து நாம் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். வண்டியில் தேவையான சாமான் நிறைய இருக்கிறது, பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதில் அந்த அம்மாவைப் பற்றி நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. பிள்ளைகள் மேல் ஒட்டுதல் இல்லாதவள் என்று ஆசிரியர் ஒரு வரி எழுதியிருந்தால் அது வெறும் தகவல். வண்டியில் இடமில்லாமல் போவதை நாம் கண்ணால் பார்க்கிறோம்.

இது முதல் உத்தி. இரண்டாவது, கதை யார் மனசிலிருந்து ஓடுகிறது என்பது. அதுவரை ஆசிரியர் மேலே நின்று எல்லோரையும் பார்ப்பார். இல்லாவிட்டால் நான் என்று ஒரு ஆள் சொல்வார். மான்ஸ்ஃபீல்டு இரண்டும் இல்லாமல் ஒரு வழி பிடித்தார். படர்க்கையில்தான் எழுதுவார், ஆனால் வாக்கியத்தின் குரல் அந்தப் பாத்திரத்தின் குரலாக மாறிவிடும். குழந்தை கெசியாவைப் பற்றி எழுதும்போது குழந்தைக்குத் தெரிந்த வார்த்தைதான் வரும். வேலையிலிருந்து திரும்பும் அப்பா ஸ்டான்லியைப் பற்றி எழுதும்போது வாக்கியமே கொஞ்சம் மார்தட்டும். அவன் நினைத்தான், அவள் நினைத்தாள் என்ற அறிவிப்பு கிடையாது. ஒரே கதையில் ஐந்தாறு மனசுக்குள் சத்தமில்லாமல் போய்விட்டு வருகிறோம். இதை அவர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்ல மாட்டேன். ஜேன் ஆஸ்டினிடம் இருக்கிறது, ஃபிளாபெர்ட்டிடம் இருக்கிறது. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' 1914-லேயே வந்துவிட்டது. ஆனால் ஒரு குடும்பம் முழுவதையும் இப்படிச் சில பக்கத்துக்குள் அடக்கி, ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்கு இவ்வளவு லேசாகத் தாண்டியவர் சிறுகதையில் அதற்கு முன் குறைவு.

மூன்றாவது, பொருள்கள். 'ப்ரெலூட்'டில் வேலையாள் பாட் ஒரு வாத்தை வெட்டுகிறான். தலையில்லாத வாத்து நாலு அடி நடக்கிறது. பிள்ளைகள் கூச்சல் போட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். கெசியா மட்டும் ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு, தலையைத் திரும்ப வைத்துவிடச் சொல்லி அழுகிறாள். அவன் அவளைத் தூக்கியதும் அவன் காதில் இருக்கிற கடுக்கன் கண்ணில் படுகிறது. அழுகை நின்றுவிடுகிறது. சாவு என்றால் என்ன என்று ஒரு குழந்தைக்கு முதலில் தெரிகிற நேரமும், அது மறந்துபோகிற நேரமும் அந்த அரைப் பக்கத்தில் இருக்கிறது. தத்துவம் ஒரு வரிகூடக் கிடையாது.

தம்பி இறந்த துக்கத்தில் எழுதிய கதை என்று சொன்னேன். கதையில் தம்பி எங்கே? 'ப்ரெலூட்'டில் அவன் பிறக்கவே இல்லை!

நோயும் வேகமும்

1917 டிசம்பரில் டாக்டர் நுரையீரலில் கோளாறு என்று சொன்னார். வெயில் நல்லது என்று 1918 ஜனவரியில் மறுபடி பாண்டோல். பிப்ரவரியில் ஒருநாள் காலையில் இருமியபோது ரத்தம் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் இருபத்தைந்து வருஷம் பாக்கி. அன்றைக்கு டி.பி.க்கு மருந்து என்றால் வெயில், காற்று, பால், படுக்கை, இவ்வளவுதான். ஊர் திரும்பும் வழியில் பாரிசில் மாட்டிக்கொண்டார். ஜெர்மன்காரர்களின் நீண்டதூர பீரங்கி நகரத்தின் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்த வாரங்கள் அவை.

சானடோரியத்தில் போய்ப் படுக்கச் சொன்ன டாக்டர்கள் பேச்சைக் கேட்கவில்லை. அங்கே எழுத விடமாட்டார்கள் என்ற பயம். இத்தாலிக் கடற்கரை, மாண்டோன், சுவிட்சர்லாந்து என்று ஊர் ஊராகக் குளிருக்கு ஒதுங்கினார். மரிக்கு லண்டனில் 'அதீனியம்' பத்திரிகை ஆசிரியர் வேலை. கூடவே இருந்து பெட்டி தூக்கி, பால் காய்ச்சி, திட்டு வாங்கியவர் ஐடா பேக்கர்தான். மான்ஸ்ஃபீல்டு அவரை நடத்தியவிதம் சில சமயம் கொடுமை. அவருக்கே அது தெரிந்திருந்தது, மன்னிப்புக் கேட்டும் எழுதியிருக்கிறார். இந்த அம்மாளை மகான் ஆக்குவதில் எனக்கு விருப்பமில்லை.

'அதீனிய'த்தில் நாவல்களுக்கு மதிப்புரை எழுதினார். 1919-ல் சிநேகிதி வர்ஜீனியா வுல்ஃபின் 'நைட் அண்ட் டே' நாவல் வந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார், ஆனால் யுத்தம் என்று ஒன்று நடக்காதது போல எழுதியிருந்தார். அது மான்ஸ்ஃபீல்டுக்குப் பொறுக்கவில்லை. யுத்தத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. எல்லாம் மாறிவிட்டது, எழுத்தும் மாறணும், பழைய சட்டத்தில் புதுப் படத்தை மாட்ட முடியாது என்பது அவர் கட்சி. வுல்ஃபுக்கு மனசு புண்பட்டது. அதற்குப் பின் வுல்ஃப் எழுதிய நாவல்களைப் பார்த்தால் அந்த அடி வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1920-ல் 'மிஸ் பிரில்' எழுதினார். பிரான்சில் ஒரு பூங்கா, ஞாயிற்றுக்கிழமை, பேண்டு வாசிக்கிறார்கள். தனியாக வாழும் ஒரு டீச்சரம்மா பழைய நரித்தோலைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் நாடகத்தில் நடிப்பது போலவும், தானும் அதில் ஒரு பாத்திரம் போலவும் அவருக்குத் தோன்றி மனசு பொங்குகிறது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த இளஞ்ஜோடி அவரையும் அந்த நரித்தோலையும் கிண்டல் செய்கிறது. வழக்கமாக வாங்கும் கேக்கைக்கூட வாங்காமல் வீட்டுக்குப் போகிறார். நரித்தோலைப் பெட்டியில் வைத்து மூடுகிறார். ஏதோ அழுகிற சத்தம் கேட்ட மாதிரி இருக்கிறது. முடிந்தது கதை. யார் அழுதது என்று ஆசிரியர் சொல்லமாட்டார். அந்த அம்மாளுக்கே தெரியாதபோது அவர் எப்படிச் சொல்வார்?

இந்தக் கதையில் ஒவ்வொரு வாக்கியத்தின் நீளத்தையும் சத்தத்தையும்கூட அந்த அம்மாளுக்கு, அந்த நாளுக்கு, அந்த நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி தேர்ந்தெடுத்ததாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். எழுதி முடித்து, சங்கீதம் வாசித்துப் பார்ப்பது போல வாய்விட்டுப் படித்துப் படித்துச் சரிசெய்தாராம். செல்லோ வாசித்த கையல்லவா!

அதே குளிர்காலத்தில் 'தி டாட்டர்ஸ் ஆஃப் தி லேட் கர்னல்'. அப்பா செத்துப்போய்ப் புதைத்தும் ஆயிற்று, ஆனாலும் அவர் அறைக்குள் போக நடுங்குகிற இரண்டு வயசான பெண்கள். அனுப்புவதற்குள் செத்துப்போய்விடுவோமோ என்ற பயத்தில் இதை முடிந்த வேகத்தில் எழுதினார். வெளிவந்ததும் சிலர் கிழவிகளைக் கிண்டல் செய்கிறாள் என்றார்கள். அதில் ரொம்பவே வருத்தப்பட்டார். சிரிப்புக்கு அடியில் இருப்பதைப் பார்க்கவில்லையே என்று.

1920 டிசம்பரில் 'பிளிஸ்' தொகுப்பும் 1922 பிப்ரவரியில் 'தி கார்டன் பார்ட்டி' தொகுப்பும் வந்தன. பெயர் பரவியது. அப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற நிலைமை.

தம்பி திரும்பி வந்தது

1921-ல் சுவிட்சர்லாந்து மலையில், மொன்டானா என்ற இடத்தில் ஒரு மர வீடு. சில மாசத்துக்குள் 'அட் தி பே', 'தி கார்டன் பார்ட்டி', 'தி டால்ஸ் ஹவுஸ்' மூன்றையும் அங்கேதான் எழுதினார். எழுதிய மேஜைக்கு வெளியே பனி. எழுதியதெல்லாம் நியூசிலாந்து வெயில்.

'அட் தி பே' 'ப்ரெலூட்'டின் தொடர்ச்சி. அதே குடும்பம், கடற்கரையில் ஒரே ஒரு நாள், விடியலிலிருந்து இரவு வரை. ஒன்றும் நடப்பதில்லை. அப்பா குளிக்கிறார், ஆபீஸ் போகிறார். அவர் போனதும் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் உயிர் வருகிறது. மத்தியானம் படுக்கையில் கெசியா பாட்டியிடம் செத்துப்போவதைப் பற்றிக் கேட்கிறாள். நீ எப்பவும் சாகக்கூடாது, சத்தியம் பண்ணு என்று பிடிவாதம் பிடிக்கிறாள். பாட்டி சத்தியம் செய்யவில்லை. பேத்தி முத்தம் கொடுத்து, கிச்சுகிச்சு மூட்டி, கடைசியில் எதைக் கேட்டோம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோகிறது.

இந்தக் கதையில்தான் தம்பி வருகிறான். மனுக்கா மரத்தடியில் அம்மா பக்கத்தில் படுத்திருக்கிற கைக்குழந்தை. பிள்ளைகள் மேல் ஒட்டாத அம்மா அவள். இந்தக் குழந்தை மேலும் தனக்கு ஆசை இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் திரும்பிப் பார்த்துப் பல்லில்லாத வாயால் சிரிக்கிறான். அவ்வளவுதான், அவள் மனசு இளகிவிடுகிறது. இந்தக் குழந்தை பெரியவனாகி பெல்ஜியத்தில் குண்டு வெடித்துச் சாவான் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. எழுதியவருக்குத் தெரியும். அவருடைய கதையைத் தெரிந்துகொண்டு படிக்கிற நமக்கும் தெரியும். கதையிலிருந்து எடுத்துவிட்ட அந்த ஒன்றுதான் மொத்தப் பாரத்தையும் தாங்குகிறது.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் பாரிஸ். மனுகின் என்ற ரஷ்ய டாக்டர் மண்ணீரலில் எக்ஸ்-ரே பாய்ச்சினால் டி.பி. குணமாகும் என்றார். செலவும் வலியும்தான் மிச்சம். அந்தச் சிகிச்சைக்கு நடுவில் எழுதியது 'தி ஃப்ளை'. ஒரு பணக்கார முதலாளி. மகன் யுத்தத்தில் இறந்து ஆறு வருஷம். பழைய சிநேகிதர் வந்து கல்லறையைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டுப் போகிறார். கதவைச் சாத்திக்கொண்டு அழ உட்காருகிறார் முதலாளி. அழுகை வரவில்லை. மைக்கூட்டில் ஒரு ஈ விழுந்திருக்கிறது. எடுத்து வெளியே விடுகிறார். அது சிறகைத் துடைத்துக்கொண்டு பறக்கத் தயாரானதும் ஒரு சொட்டு மை விடுகிறார். மறுபடி தேறுகிறது. மறுபடி ஒரு சொட்டு. அதன் தைரியத்தை மெச்சிக்கொண்டே இன்னொன்று. ஈ செத்துப்போகிறது. தூக்கிக் குப்பைக்கூடையில் எறிந்ததும், கொஞ்சம் முன்னால் என்ன யோசித்துக்கொண்டிருந்தோம் என்று யோசிக்கிறார். ஞாபகம் வரவில்லை.

ஈ யார்? மகனா, யுத்தத்துக்குப் போன அத்தனை பையன்களா, எக்ஸ்-ரே மேஜையில் படுத்திருந்த எழுத்தாளரா? எல்லாம் சொல்லலாம். சொல்லாமல் விட்டதால்தான் சொல்ல முடிகிறது.

கடைசி

1922 அக்டோபரில் டாக்டர்களை விட்டுவிட்டு, பாரிசுக்குப் பக்கத்தில் ஃபோன்டென்புளோவில் குர்ஜியேஃப் என்பவர் நடத்திய ஆசிரமம் போன்ற இடத்தில் சேர்ந்தார். மாட்டுத் தொழுவத்துக்கு மேலே பரண் கட்டி அதில் அவரை உட்கார வைத்தார்கள். மாட்டின் மூச்சு நெஞ்சுக்கு நல்லது என்று நம்பிக்கை. பலபேர் இதற்காகக் குர்ஜியேஃபைத் திட்டியிருக்கிறார்கள். ஆனால் பிழைக்க வேறு வழி அப்போது யாரிடமும் இல்லை. 1923 ஜனவரி 9-ம் தேதி அவர் அழைப்பின் பேரில் மரி பார்க்க வந்தார். அன்று இரவு மாடிப்படி ஏறும்போது இருமல், ரத்தம். சில நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பக்கத்து ஊரான ஆவோனில் அடக்கம் செய்தார்கள்.

வர்ஜீனியா வுல்ஃப் தன் டைரியில், தான் பொறாமைப்பட்ட ஒரே எழுத்து இவருடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். இனி எழுதி என்ன, படிக்க அவள் இல்லையே என்றும் தோன்றியதாம். சண்டைக்காரச் சிநேகிதிக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டாம்.

கூடியவரை கிழித்து எரித்துவிடு, முடிந்தவரை குறைவாக வெளியிடு என்று மரிக்கு எழுதிவைத்திருந்தார். மரி நேர்மாறாகச் செய்தார். மிச்சக் கதைகள், 1927-ல் டைரி, 1928-ல் கடிதங்கள் என்று வரிசையாக அச்சிட்டார். அது சரியா தப்பா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அவர் செய்யாமலிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி எனக்குத் தெரிந்திருக்காது. அதனால் நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. வெட்டுவதையே தொழிலாக வைத்திருந்தவருக்குத் தன் காகிதங்களை மட்டும் வெட்ட நேரமில்லாமல் போய்விட்டது.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். லைப்ரரியில் தேடினால் இவர் கதைகள் கிடைக்கும். 'தி டால்ஸ் ஹவுஸ்' ஏழெட்டுப் பக்கம்தான், அதிலிருந்து ஆரம்பியுங்கள். பணக்காரப் பிள்ளைகளின் பொம்மை வீட்டைப் பார்க்க அனுமதி இல்லாத வண்ணாத்தி மகள்கள் இரண்டு பேர் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். விரட்டப்பட்ட அவமானத்திலும் சின்னவள் மெதுவாகச் சிரிப்பாள். அந்த வீட்டுக்குள் இருந்த குட்டி விளக்கை அவள் பார்த்துவிட்டாள். கதை அங்கே நின்றுவிடும். புத்தகத்தை உடனே மூடாதீர்கள். எழுதாமல் விட்டது உங்களுக்குள் மெதுவாக வர ஆரம்பிக்கும், கொஞ்சம் நேரம் கொடுங்கள்.